உதிர்ந்து போன ‘ஆம்’: தடுப்பூசி வதந்திகளை ஒரு பிரதியாக வாசித்தல்

தமிழில் ‘ஆம்’ என்றொரு சின்ன இடைச்சொல் இருக்கிறது. ‘மழை வருது’ என்றால் சொல்பவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார். ‘மழை வருதாம்’ என்றால் யாரோ சொல்லக் கேட்டுச் சொல்கிறார். “இது நான் கண்டதல்ல, கேட்டது, பொறுப்பு என்னுடையதல்ல” என்ற முழு வாக்கியத்தையும் அந்த ஒற்றைச் சொல் சுமக்கிறது. இலக்கணம் படிக்காத குழந்தைக்கும் இது தெரியும்.

2021ஆம் ஆண்டு கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையான எமது கரையோர ஊர்களில் கொவிட் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, “ஊசி போட்டா புள்ள கிடைக்காதாம்” என்று பலரும் கதைத்தார்கள். சில வாரங்களில் அதே வசனம் “ஊசி போட்டா புள்ள கிடைக்காது” என்று மாறிவிட்டது. செய்தி ஒன்றுதான். ‘ஆம்’ மட்டும் உதிர்ந்துவிட்டது. கேள்விப்பட்டது கண்டறிந்ததாக ஆகிவிட்டது. அந்த ‘ஆம்’ எங்கே, ஏன் உதிர்ந்தது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வைத்தியன் அல்லன், தமிழ் கற்பிப்பவன். ஆகவே இந்த வதந்திகளை மருந்தாக அல்லாமல் பிரதியாகவே வாசிக்கிறேன்.

குரல்பதிவு என்ற இலக்கிய வகை

வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகளைத் தொடர்ந்து கேட்டவர்களுக்கு அவற்றின் அமைப்பு பழகிப் போயிருக்கும். முதலில் ஸலாம். பிறகு ஓர் அவசரம்: “உடனே கேளுங்க, இது அழிக்கப்பட முன்னாடி கேளுங்க.” அடுத்து ஒரு சாட்சி: வெளிநாட்டில் வேலை செய்யும் ‘நம்மட’ டொக்டர். அவருக்குப் பெயர் இல்லை, வைத்தியசாலை இல்லை, திகதி இல்லை. பிறகு ஒரு பகைவன்: அமெரிக்கா, யூதர்கள், ஒரு பணக்காரர், சில வேளை நமது அரசாங்கம். இறுதியில் ஒரு கடமை: “ஆகக் கூடிய ஆக்களுக்கு அனுப்பி நன்மையைச் சேர்த்துக்கொள்ளுங்க.”

இந்த வகையின் மிகக் கெட்டிக்காரத்தனமான உறுப்பு, தணிக்கையை முன்கூட்டியே சாட்சியாக அழைப்பதாகும். பதிவு நீக்கப்பட்டால் “பார்த்தீங்களா, மறைக்கிறாங்க.” நீக்கப்படாவிட்டால் “யாராலயும் மறுக்க ஏலாமப் போச்சு.” எந்த விளைவும் தன்னைப் பொய்யாக்க முடியாதபடி கதை கட்டப்பட்டிருக்கிறது. நல்ல கதைக்கு இது பலமாக இருக்கலாம். ஒரு செய்திக்கு இதைவிடப் பெரிய பலவீனம் இல்லை.

இன்னொரு உறுப்பு வினா. நன்னூல் வினாவின் வகைகளைப் பிரிக்கும்போது அறிவினா, அறியாவினா, ஐயவினா என்று வேறுபடுத்துகிறது. விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. “இவ்வளவு அவசரமா ஏன் ஊசி போடுறாங்க?” என்று பதிவில் கேட்கும் குரல் ஐயவினாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும் அறிவினாதான். விடையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பதால் அது பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இதற்கு மாறாக, ஒன்பது மாதக் குழந்தையின் கிளினிக் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “சேர், இந்த ஊசிக்குப் பிறகு ரெண்டு நாள் காய்ச்சல் வரும்டு மிட்வைஃப் சொல்றாங்க. அப்ப அது நோயைத்தானே உள்ளுக்குப் போடுறாங்க?” என்று கேட்கும் தாயின் கேள்வி அசல் அறியாவினா. அதற்கு விடை உண்டு, அவரும் விடைக்காகவே கேட்கிறார். எமது சமூகத்தில் நடந்த பெரிய தவறு, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக எண்ணியதுதான். படித்தவர்கள் சிலர் அந்தத் தாயையும் ‘மடத்தனம்’ என்று வாயடைத்தார்கள். அவர் பதில் கிடைக்கும் இடத்துக்குப் போனார். பதில் குரல்பதிவில் இருந்தது.

மலடாக்கும் கதை: முதலில் யார்மீது சொல்லப்பட்டது?

‘ஊசி மலடாக்கும்’ என்ற கதை நம்மிடம் வந்தபோது நாம் அதிர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கதையை நாம் முன்பே சந்தித்திருந்தோம். அப்போது நாம் கேட்பவர்களாக அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருந்தோம்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கிடந்த மாக்கட்டி ‘வந்த பெத்தி’, அதாவது மலட்டு மாத்திரை எனப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் அரசாங்கப் பகுப்பாய்வாளர் அது வெறும் மாச்சத்து என்று அறிக்கை கொடுத்தார். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதற்குள் திகன எரிந்து முடிந்திருந்தது.

2019 மே 23ஆம் திகதி திவயின பத்திரிகையின் முதற்பக்கம், ஒரு முஸ்லிம் வைத்தியர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் சொன்னது. அச்செய்தியில் வைத்தியரின் பெயர் இல்லை. பெயரில்லாத செய்தி ஓரிரு நாளில் எமது அயல் மாவட்டமான குருநாகலில் வைத்தியர் ஷாபியின் முகத்தைத் தேடிக்கொண்டது. அவர் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அடுத்த மாதமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவர் ஜூலையில் பிணையில் வந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த சுமார் 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாவை, 2022இல் நாடு மருந்தில்லாமல் தவித்தபோது, மருந்து வாங்குவதற்கென்றே சுகாதார அமைச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

சொற்கள் எமது கரையோரத்தில் என்ன செய்தன என்பதும் மறக்கக்கூடியதல்ல. 2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரிக் கருத்து, வரப்போகும் தாக்குதலுக்கான மிரட்டலாக வாசிக்கப்பட்டது. அடுத்த நாள் கலவரம் வடமேல் மாகாணத்தில் ஊர் ஊராகப் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத்தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு பிழையான வாசிப்பின் முடிவில் ஒரு ஜனாஸா.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கதை வேறு பாத்திரங்களுடன் எங்கட வாயால் சொல்லப்பட்டது. மாத்திரைக்குப் பதில் ஊசி. முஸ்லிம் வைத்தியருக்குப் பதில் சுகாதார அமைச்சு. சிங்களப் பெண்ணுக்குப் பதில் முஸ்லிம் பெண். எலும்புக்கூடு ஒன்றுதான்: இரகசிய மருந்து, எண்ணிக்கையைக் குறைக்கும் சதி, பெயரில்லாத சாட்சி. நமக்கெதிராகச் சொல்லப்பட்டபோது அதன் பொய் நமக்கு உடனே விளங்கியது. நாமே சொன்னபோது விளங்கவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு ஸனது இருக்கிறதா என்று தேடினால் அதுவும் கிடைக்கிறது. 2020 டிசம்பர் முதலாம் திகதி, வுல்ஃப்காங் வோடார்க் என்ற ஜெர்மனிய வைத்தியரும் மைக்கேல் யீடன் என்ற பிரித்தானியரும் ஐரோப்பிய மருந்து முகவரகத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். வைரஸின் முட்புரதம், நஞ்சுக்கொடி உருவாக உதவும் ஒரு புரதத்தைச் சற்று ஒத்திருப்பதால், ஊசியினால் உண்டாகும் எதிர்ப்பு அதையும் தாக்கக் கூடும் என்பது அவர்களது ஊகம். ‘கூடும்’ என்றுதான் இருந்தது. அது இணையத்தில் ஒரு தலைப்பாக மாறியபோது ‘செய்யும்’ ஆனது. 2011இலேயே ஃபைஸர் நிறுவனத்தை விட்டுப் போன யீடன், ‘ஃபைஸரின் ஆராய்ச்சித் தலைவர்’ ஆனார். ஊகம் உண்மையானால், அதே முட்புரதம் உடலுக்குள் புகுந்த கொரோனா நோயாளிப் பெண்கள் எல்லோரும் மலடாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. ஊசிப் பரிசோதனையில் கலந்துகொண்ட பெண்களில் மருந்தைப் பெற்றவர்களும் கருத்தரித்தார்கள், போலி ஊசி பெற்றவர்களும் கருத்தரித்தார்கள். அந்த மனு முதன்மையாக ஃபைஸர் ஊசியைப் பற்றியது. இலங்கையில் பெரும்பாலானோருக்குப் போடப்பட்டதோ சினோபார்ம். கதைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. ‘கூடும்’ உதிர்ந்தது ஐரோப்பாவில். ‘ஆம்’ உதிர்ந்தது நமது ஊரில்.

நமது ஐயம் சரியாக இருந்த இடம்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “அரசாங்கம் சொன்னதை நம்பாதவர்கள் நாங்கள்தானே சரியாக இருந்தோம்? எங்கட மையித்துகளை எரிச்சவங்களை எப்படி நம்புற?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர் இவ்விடயத்தைப் பேசவே தகுதியற்றவர்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலில், கொவிட்டால் இறந்தவரை அடக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்றது. இலங்கை அதைப் புறந்தள்ளியது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளான ஒரு சிசு எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் மண்ணுக்குள் போயின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது; எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றது.

ஆனால் அந்த வாதத்தில் நாம் எதைக்கொண்டு வென்றோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். குரல்பதிவைக் கொண்டு வெல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலைக் காட்டினோம். உலகறிந்த இலங்கை வைரஸியலாளர் பேராசிரியர் மலிக் பீரிஸ், இது தண்ணீரால் பரவும் நோயல்ல என்று சொன்னதைக் காட்டினோம். இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர் கல்லூரியும் அடக்கத்துக்குத் தடையில்லை என்று சொன்னதை எடுத்துக்காட்டினோம். பேராசிரியர் ஜெனிஃபர் பெரேரா தலைமையிலான குழு இரண்டு முறையையும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்ததை வெளியிடும்படி கேட்டோம். நமது ஐயம் சரியாக இருந்தது அது அரசாங்கத்துக்கு எதிரானது என்பதனால் அல்ல. அது ஆதாரத்தோடு இருந்தது என்பதனால்.

அதே ஸ்தாபனமும் அதே துறை வல்லுநர்களும் சில மாதங்களில் ‘ஊசி பாதுகாப்பானது’ என்றபோது, “அவங்க எல்லாம் காசுக்கு வித்துட்டாங்க” என்றோம். ஜனாஸா விடயத்தில் நம்பத்தக்க அறிவிப்பாளர்; ஊசி விடயத்தில் பொய்யர். ஓர் அறிவிப்பாளர் நமக்குப் பிடித்ததைச் சொன்னால் ‘ஸிகா’, பிடிக்காததைச் சொன்னால் ‘கத்தாப்’ என்று எந்த ஹதீஸ் கலை அறிஞரும் தீர்ப்பளித்ததில்லை. இது ஐயம் அல்ல. விருப்பம்.

வாயை அடைத்ததால் விளைந்தது

நிறுவனங்களின் பக்கமும் இதில் பெரிய குற்றம் உண்டு. 2020 டிசம்பரில் கேகாலையின் ‘தம்மிக்க பாணி’யைச் சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே குடித்துக் காட்டினார், அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. தரமற்ற இமியூனோகுளோபியூலின் கொள்வனவு விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். இப்படிப்பட்ட அமைச்சு “நம்புங்கள்” என்று கேட்டால், “ஏன்?” என்று மக்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

அதைவிடப் பாரதூரமானது, கேட்டவர்களை நடத்திய விதம். பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாக்கும்படி முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்கள் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 ஆகிவிட்டது. புத்தளத்தில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டார். தமிழ்க் கவிதையின் உருவகத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் தீவிரவாதத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாலாயிரம் பெண்கள் என்ற செய்தியின் காலத்தில் பிடிபட்டது எழுதியவர் அல்ல, எழுதப்பட்டவர். இந்த வேறுபாட்டை எமது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரல், மே மாதங்களிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வதந்தி நின்றதா? மறுப்புச் செய்தி போய்ச் சேரும் வழிதான் நின்றது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. ‘அடக்கம் செய்தால் நீர் மாசுபடாது’ என்ற கூற்று 2020இல் அரசாங்கத்தின் கண்ணில் பொய்யான கூற்றாகவே இருந்திருக்கும் என்பதை நினைத்தால், இந்த அதிகாரம் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். தணிக்கை ஒரு வதந்திக்குக் கொடுப்பது தண்டனையல்ல, சான்றிதழ்.

ஆகவே, ஐயப்படுபவர்களின் கோபத்தில் பெரும்பகுதி நியாயமானது என்பதே என் வாசிப்பு. அந்தக் கோபத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் என் முரண்பாடு.

கானோவின் கணக்கு

நியாயமான கோபம் பிழையான இடத்தில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நைஜீரியாவின் கானோ மாநிலம் சான்று. 1996இல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைஸர் நிறுவனம் ‘ட்ரோவன்’ என்ற மருந்தை இருநூறு குழந்தைகளில் பரிசோதித்தது. பதினொரு குழந்தைகள் இறந்தார்கள். உரிய சம்மதம் பெறப்படவில்லை என்று வழக்குகள் நடந்தன. அந்தக் காயம் உண்மையானது. 2003இல் போலியோ சொட்டு மருந்து வந்தபோது, அது முஸ்லிம் பெண்களை மலடாக்கும் சதி என்ற கதை பரவியது. கானோ மருந்தை நிறுத்தியது. கதையில் மாற்றமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2004 ஜூலையில்தான் மருந்து மீண்டும் தொடங்கியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்தைப் பரிசோதித்து ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் வைரஸ் நைஜீரியாவிலிருந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2005இல் அது இந்தோனேசியாவுக்கும் வந்து முன்னூறு வரையான பிள்ளைகளை முடமாக்கியது. கானோவுக்கு மருந்து கொடுத்த நாடு, கானோவிலிருந்து நோயை வாங்கியது. ட்ரோவன் பரிசோதனை நடத்தியவர்களின் பிள்ளைகள் எவருக்கும் கால் முடங்கவில்லை.

நாமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. இலங்கை சின்னமுத்தை ஒழித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஜூலையில் அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் மேலதிகத் தடுப்பூசித் திட்டமொன்று நடத்த வேண்டியதாயிற்று. சின்னமுத்து பிடித்த ஒரு பிள்ளை, ஊசி போடாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுக்க வல்லது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டிருந்தால்தான் அது நிற்கும். கொவிட் ஊசியின் மேலான அவநம்பிக்கை ஒன்பதாம் மாத ஊசிக்கும் மூன்று வயது ஊசிக்கும் நகர்ந்தால், விலை கொடுக்கப்போவது வதந்தி அனுப்பிய பெரியவர் அல்ல. சின்னமுத்தையும் பெரியம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூல் எழுதியவர் அல்ராஸி. அவரது உம்மத் அந்த நோயிடம் பிள்ளைகளைத் திரும்பக் கொடுப்பது எவ்வளவு பெரிய முரண்!

ஸனதும் மத்னும்

நம்பு என்றும் சொல்லாமல், நம்பாதே என்றும் சொல்லாமல், ‘விசாரி’ என்று சொல்லும் மரபு நம்முடையது. ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம், கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பதை அதற்குக் காரணமாக வைக்கிறது. ஹதீஸ் கலை இதை ஒரு முழு விஞ்ஞானமாக வளர்த்தது. அறிவிப்பாளர் யார்? அவர் யாரைச் சந்தித்தார்? சங்கிலி எங்கே அறுகிறது? பெயர் தெரியாதவர் ‘மஜ்ஹூல்’. கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று எச்சரித்த நபியின் சமூகம் இது. ‘வெளிநாட்டு டொக்டர் ஒருவர்’ என்ற ஸனதோடு தொழுகை பற்றிய ஒரு செய்தி வந்தால் எந்த மௌலவியும் மிம்பரில் சொல்லமாட்டார். பிள்ளையின் உயிர் பற்றிய செய்திக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

மத்னையும் சோதிக்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தபோது, கிரனடாவின் இப்னுல் கதீப், நோய் தொற்றுவது அனுபவத்தாலும் ஆய்வாலும் திரும்பத் திரும்ப வந்த செய்திகளாலும் உறுதியானது என்று எழுதினார். கண்ணால் கண்ட சான்றோடு முரண்படும் ஆதாரத்துக்கு விளக்கம் தேட வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. சான்று எவ்வளவு, எத்தனை பேரில், எதனோடு ஒப்பிட்டு என்று கேட்பதுதான் அந்த வழி.

அஸ்ட்ராசெனெகா ஊசியால் மிக அரிதாக இரத்த உறைவு வரலாம் என்பதை 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகவரகமே அறிவித்தது. பல நாடுகள் வயது வரம்பு வைத்தன. உண்மையான பக்கவிளைவுச் செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்: அறிவித்தவர் யார், எத்தனை பேரில், எந்த வயதில், என்ன அறிகுறி, என்ன செய்ய வேண்டும். அதில் பகைவனும் இல்லை, “பகிருங்கள்” என்ற கட்டளையும் இல்லை.

இவற்றோடு நான் உயர்தர வகுப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதுண்டு: “எந்தச் சான்று கிடைத்தால் உங்கட கருத்தை மாத்துவீங்க?” அடக்கத்துக்காகப் போராடியவர்களிடம் அதற்கு விடை இருந்தது: நீரில் வைரஸ் இருப்பதைக் காட்டுங்கள், நாங்கள் யோசிக்கிறோம். குரல்பதிவுகளிடம் அதற்கு விடை இல்லை. ஐயத்தையும் பிடிவாதத்தையும் பிரிக்கும் கோடு அதுதான்.

செய்ய வேண்டியவையும் இந்த வாசிப்பிலிருந்தே வருகின்றன. ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஊரின் மருத்துவிச்சிக்கோ வைத்தியருக்கோ பள்ளி நிர்வாகம் ஒலிவாங்கியைக் கொடுக்கலாம். பேசுவதற்கல்ல, கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு. பெண்கள் பகுதியிலிருந்து கேள்விகள் எழுத்தில் வரட்டும். தமிழ் ஆசிரியர்கள் கிரகித்தல் பயிற்சிக்குப் பழைய பந்திகளோடு ஒரு வட்ஸ்அப் செய்தியையும் கொடுத்து, யார் சொன்னது, எப்போது, எந்தச் சொல் ஊகம், எந்தச் சொல் உறுதி என்று அடிக்கோடிடச் சொல்லலாம். இது போன்ற ஆய்விதழ்கள் அம்பாறை, குருநாகல், சிலாபம், பொரளை ஆகியவற்றின் வதந்திகளையும் மறுப்புகளையும் திகதியோடு தொகுத்து ஆவணமாக்கலாம். நமக்கெதிராகச் சொல்லப்பட்டவற்றை மட்டுமல்ல, நாம் சொன்னவற்றையும் சேர்த்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் மாணவனுக்கு, அடுத்த கதை வரும்போது அதன் குரல் எங்கோ கேட்ட குரலாகத் தெரியும். குறைந்தபட்சம், அதைச் சொல்லும்போது ‘ஆம்’ சேர்த்தாவது சொல்வான்.